உச்சிப் பொட்டலம்

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கிட்டே. தண்ணீர் இரைகிற இடத்தில் நடந்த கதை இது. தள்ளி உட்கார்ந்தால் காதில் விழாது.

"டீச்சரம்மா, நான் எப்போ முன்னாடி நடக்கிறது?"

கேட்டவர் தாமோதரன். மெட்ராஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். தலை முழுக்க நரை.

கேட்கப்பட்டவர் பிலோமினா. ராயபுரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தரும் டீச்சர். இவரைவிட இருபது வயது சின்னவர்.

ஞாயிற்றுக்கிழமையானால் டீச்சர் ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். விடியுமுன் ராயபுரத்தில் ஏறினால் ஊத்துக்கோட்டையில் டீ. வெயில் ஏறுவதற்குள் மலையடி. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு. ஊரில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போவார்கள். இவர்கள் மலைக்குப் போய், அங்கிருந்து கடலைப் பார்ப்பார்கள்.

அந்த மலை உச்சியில் ஒரு மொட்டைப் பாறை. கடல்பார்த்தான் பாறை என்று பேர். வானம் சுத்தமாக இருந்தால், தூரத்தில் நம் ஊர்க் கடல் ஒரு அலுமினியக் கம்பி மாதிரி மின்னும்.

அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும்.

"மூணு வருஷமா வர்றேன்" என்றார் தாமோதரன். "மூணு வருஷமா என்னை வரிசையோட வாலாவே வெச்சிருக்கீங்க."

ஊத்துக்கோட்டை டீக்கடையில் டீச்சர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"போன மாசம் உச்சி கண்ணுக்கெதிர்ல. கையை நீட்டினா தொடலாம். திரும்புன்னு சொல்லிட்டீங்க. மத்த குரூப்புக்காரங்க உங்களுக்கு இன்னா பேர் வெச்சிருக்காங்க, தெரியுமா?"

"தெரியும். பாதிமலை பிலோமினா."

"கோவம் வரல?"

"நல்ல பேர்தான். வாயில நிக்குது."

பக்கத்தில் நின்ற சபாபதி சிரித்தான். தாமோதரனுடைய மச்சான் அவன், பெண்டாட்டியின் தம்பி. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தான். மாமா மலையேறுகிறார், மலையேறுகிறார் என்று அக்கா பீற்றிக்கொள்கிறாளே, அது எந்த அழகு என்று பார்க்க வந்தவன்.

"இன்னா மாமா, வீட்ல நீதான் குரூப் லீடர்னு சொன்னே? வாலாண்டே நிக்கிறியா?"

தாமோதரன் முகம் கறுத்துவிட்டது.

டீச்சர் கிளாஸை வைத்தார்.

"அண்ணே, கிரேன் எப்படி ஓட்டுவீங்க?"

"மேல கேபின்ல உக்காந்துதான்."

"கீழ இருக்கிறது தெரியுமா?"

"பாதி தெரியாது. கப்பல் வயித்துக்குள்ள இருக்கிறது எங்க தெரியும்? கீழ ஒருத்தர் நிப்பாரு. அவர் கையைப் பார்த்து ஓட்டுவோம். விரலைச் சுத்தினா தூக்கணும். முஷ்டியை மடக்கினா அந்தரத்துல அப்படியே நிறுத்தணும். முப்பது வருஷம், அந்தக் கையை விட்டு என் கண்ணு நகர்ந்ததில்ல. என் கிரேனால ஒரு ஆளுக்கு ஒரு கீறல் கிடையாது."

"அதான் பார்த்தேன்" என்றார் டீச்சர்.

"எதை?"

"வரிசைல என் கையை உங்க அளவுக்கு யாரும் பார்க்கிறதில்ல."

அவருக்குப் பெருமையாக இருந்தது. புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு முன்னாடி நடங்க" என்றார் டீச்சர்.

தாமோதரனுக்குப் புரையேறியது.

"ஆனா அண்ணே, ஒண்ணு. நல்லா நடத்தினீங்கன்னா இனிமே எல்லா ஞாயிறும் நீங்கதான். இல்லேன்னா இந்தக் கேள்வியை மறுபடி என்கிட்ட கேக்கக் கூடாது."

"சரி."

"இன்னொண்ணு. இன்னைக்கு என் கைக்கு லீவு."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

*

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லிவிட வேண்டும்.

வழியில் தின்ன அவரவர் ஏதாவது கொண்டுவருவார்கள். முறுக்கு, கொய்யாக்காய், பிஸ்கட். ஆனால் டீச்சர் பையில் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருக்கும். புளிச்சோறு, கூடவே மொறுமொறுவென்று வறுத்த நெத்திலிக் கருவாடு. வேனில் ஏறினதிலிருந்து வாசம் ஆளைத் தூக்கும். அதற்குப் பேர் உச்சிப் பொட்டலம்.

உச்சியில்தான் பிரிப்பார். ஆளுக்கு ஒரு பிடி. பாறையில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு தின்ன வேண்டும்.

பாதியில் திரும்பின நாளில் பொட்டலம் பிரியாது. கெஞ்சினாலும் பிரியாது. வந்தபடியே ராயபுரம் திரும்பிப் போகும்.

தாமோதரனுக்குத் தெரிந்து அந்த முடிச்சு மலையடியில் ஒரு நாளும் அவிழ்ந்ததில்லை.

*

ஆவணி மாதம். காலை வெயில் சுள்ளென்று அடித்தது. வழி முழுக்க ஓடையை ஒட்டித்தான். பாறை, குட்டை, மறுபடி பாறை. தண்ணீர் முழங்கால்கூட இல்லை. அடியில் கிடக்கிற கூழாங்கல் எண்ணலாம் போலத் தெளிவு.

தாமோதரன் முன்னால் நடந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அவருக்குப் பின்னால் சபாபதி. அதற்குப் பின்னால் கோகுலும் ஹம்சாவும், கல்யாணமாகி முதல் வருஷம். அன்றைக்கு ஹம்சாவுக்குப் பிறந்தநாள். உச்சியில் கடலோடு சேர்த்து அவளைப் படம் எடுத்துத் தருவதாகக் கோகுல் வாக்குக் கொடுத்திருந்தான். அப்புறம் மற்ற ஆட்கள். கடைசியில் டீச்சர், கை இரண்டும் பைக்குள்.

நடு வழியில் ஹம்சா நின்றாள்.

"அங்க பாருங்க. மரத்து மேல துணி!"

ஓடைக்கரையில் ஒரு நீர்மருத மரம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு கவட்டையில், கிழிந்த வேட்டி ஒன்று முறுக்கிக்கொண்டு தொங்கியது. கூடவே வைக்கோல், ஒரு ரப்பர் செருப்பு.

"குரங்கு குளிச்சிட்டுக் காயப்போட்டிருக்குது" என்றான் சபாபதி.

எல்லோரும் சிரித்தார்கள். தாமோதரனும் சிரித்தார்.

வரிசையின் கடைசியிலிருந்து டீச்சர் கேட்டார்: "காயப்போட்டவரு ஏணியை எங்க வெச்சிட்டுப் போனாரு?"

அதற்கும் சிரித்தார்கள்.

தாமோதரன் பத்தடி நடந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பி அந்த வேட்டியைப் பார்த்தார். பிறகு ஓடையைப் பார்த்தார். மறுபடி வேட்டியை.

வேட்டியை அவ்வளவு உயரம் ஏற்றின ஏணி, காலடியில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

*

உச்சிக்குக் கீழே ஒரு இடம். தொண்டை என்பார்கள்.

இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஓடை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே அக்கரை போக வேண்டும். அதைத் தாண்டினால் கொஞ்ச தூரம்தான், கடல்பார்த்தான் பாறை. ஆனால் இறங்கி வருவதும் அதே தொண்டை வழியாகத்தான். மேலே போய்விட்டால் வேறு வழி கிடையாது.

தொண்டை வாயில் வந்து தாமோதரன் நின்றார்.

தலைக்கு மேலே வெயில். ஆனால் மேற்கே, ஓடை பிறக்கிற முகட்டுக்குப் பின்னால், மேகம் திரண்டிருந்தது. ஈயம் பூசின பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி கறுப்பு.

காற்று ஒரு தரம் அடித்தது. ஈர மண் வாசம்.

தண்ணீரைப் பார்த்தார். இரண்டு சருகு மிதந்து வந்தது. அப்புறம் கொஞ்சம் நுரை.

மேலே மழை என்றால் முதலில் வருவது இவைதான். ஆனால் சருகு எப்போதும் வரும். நுரையும் வரும். ஆவணியில் மேகம் கட்டாத நாள் எது?

"இன்னா மாமா, சாமி கும்பிடுறியா? நட" என்றான் சபாபதி.

தாமோதரன் கண் தானாகப் பின்னால் போனது. வரிசை தாண்டி, கடைசி ஆளிடம். அந்தக் கைக்கு.

கை பைக்குள் இருந்தது.

"டீச்சரம்மா, என்ன பண்ணலாம்?"

"முன்னாடி நடக்கிறவரைக் கேளுங்க."

"அது நான்தானே!"

"அப்போ அவரையே கேளுங்க."

"மேகத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"வருமா?"

டீச்சர் ஒரு தும்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபாபதிக்குப் பொறுமை போய்விட்டது. "துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தினா, நாங்க பஜ்ஜி வாங்கினு போய் அலையைப் பார்த்தவங்க. நீ ரெண்டு சருகுக்கு நடுங்குறே. அக்காகிட்ட இன்னான்னு சொல்றது?"

"ஆமா சார்" என்றான் கோகுல். "அரை மணி நேரம். ஏறி, ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடி வந்துடலாம்."

"அரை மணி நேரத்துல தண்ணி வந்தா?"

"வெயில் அடிக்குது சார்!"

அடித்தது. நன்றாகவே அடித்தது.

தாமோதரன் கணக்குப் போட்டார். போனால் உச்சி. கடல். பொட்டலம். இனி எல்லா ஞாயிறும் முன்வரிசை. திரும்பினால் மச்சான் வாய் ஊரெல்லாம் பேசும். மேகம் கலைந்துபோனாலோ, சொல்லவே வேண்டாம்.

யாராவது ஒரு கையைக் காட்டினால் போதும். எந்தக் கையானாலும் சரி.

முப்பது வருஷத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். பார்வை மறைந்திருக்கும்போது, கை தெரியவில்லை என்றால், பாரத்தை நகர்த்தக் கூடாது.

அவர் திரும்பி வாய் திறப்பதற்குள், தண்ணீரில் யாரோ இறங்கிவிட்டார்கள்.

கோகுல்.

பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, தொண்டையின் பாதிக்குப் போய்விட்டான். "வா ஹம்சா, ஒண்ணுமில்ல!" ஹம்சா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"தம்பி! திரும்பு!"

பாறைக்கு நடுவே தண்ணீர் இரைச்சலில் குரல் கரைந்தது. கோகுல் காதில் கை வைத்துக் காட்டினான். கேட்கவில்லை.

தாமோதரனுடைய வலது கை உயர்ந்தது. அவர் உயர்த்தினாரா, அதுவே உயர்ந்ததா, அவருக்கே தெரியாது. விரல்கள் மடங்கின. முஷ்டி.

அந்தரத்தில் அப்படியே நிறுத்து.

பின்னால் வரிசை முழுவதும் நின்றுவிட்டது. ஹம்சாகூடச் செருப்பும் கையுமாக நின்றாள்.

கோகுல் மட்டும் சந்தோஷமாகிவிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று சார் காட்டுகிறார் என்று நினைத்து, அவனும் முஷ்டியை உயர்த்தி, "யே!" என்று கத்தினான்.

தாமோதரன் தண்ணீரில் இறங்கினார்.

இடுப்பு வரை குளிர் ஏறியது. அடியில் பாசி. ஒரு கால் வழுக்கியது, சுவரில் முழங்கை சிராய்த்தது. மேலேயிருந்து ஒரு கொத்துச் சருகு வந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டது. எங்கேயோ, வெகு தூரத்தில், வண்டி உருளுகிற மாதிரி ஒரு சத்தம். இடியா, இவர் நெஞ்சா, தெரியவில்லை.

கோகுலின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"சார், என்ன சார் இது?"

"நட."

"இன்னும் பத்தே அடி சார்!"

"அந்தப் பக்கம் பத்தடி. இந்தப் பக்கம் உன் பெண்டாட்டி. நட."

இழுத்துக்கொண்டு வந்து கரையில் ஏற்றினார். முழங்கையில் ரத்தம் சொட்டியது. யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"எல்லாரும் கீழ இறங்குங்க. நிக்காம. வேட்டி தொங்குற மரம் தாண்டற வரைக்கும் யாரும் நிக்கக் கூடாது."

"மாமா..."

"நீ முதல்ல நட மச்சான்."

அந்தக் குரலைச் சபாபதி கேட்டதில்லை. நடந்தான்.

தாமோதரன் ஒவ்வொருவரும் தன்னைத் தாண்டிப் போகும்வரை தொண்டை வாயில் நின்றார். டீச்சரும் தாண்டினார். கை பைக்குள். முகத்தில் ஒன்றும் இல்லை.

*

மலையடிக்கு வந்தாயிற்று. வேன் பக்கத்தில், ஓடை வெளியே வருகிற இடத்தில், ஒரு புளியமர நிழல். எல்லோரும் அங்கே உட்கார்ந்தார்கள்.

ஓடையைப் பார்த்தார்கள்.

முழங்கால்கூட இல்லை. கூழாங்கல் தெரிந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மேற்கே மேகம் மெள்ளப் பிய்ந்து, பஞ்சு பஞ்சாக வெளுத்துக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டு" என்றான் சபாபதி. "மாமா, ஒரே ஒரு சொட்டு காட்டு. நாக்கை நீட்டினு உக்காந்திருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். கோகுல் சிரிக்கவில்லை. சட்டைக் காலர் கிழிந்திருந்தது.

அதோடு போயிற்றா? மேலேயிருந்து வேறொரு கூட்டம் இறங்கி வந்தது. காலையில் இவர்களுக்கு முன்னாலேயே ஏறினவர்கள். முகமெல்லாம் வெயில், வாயெல்லாம் பல்.

"உச்சிக்குப் போகலையா? ஐயோ! கடல் இன்னைக்குப் பளபளன்னு! கப்பல்கூடத் தெரிஞ்சுது!"

ஹம்சா குனிந்து துப்பட்டா நுனியைப் பிழிந்தாள். ஏற்கெனவே காய்ந்த துப்பட்டா அது.

இறங்கி வந்தவர்களில் ஒருவன் டீச்சரைப் பார்த்துச் சிரித்தான். "அட, பாதிமலை!"

"அவங்க இல்ல சார்" என்றான் சபாபதி. "இன்னைக்குப் பாதிமலை, எங்க மாமா."

தாமோதரன் தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ரத்தம் உறைந்திருந்தது. எழுந்து டீச்சரிடம் வந்தார்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, டீச்சரம்மா?"

"நான் முன்னாடி நடக்கலையே அண்ணே."

"தப்புப் பண்ணிட்டேனா?"

பழக்க தோஷம். கேட்டுக்கொண்டே கண் அந்தக் கைக்குப் போனது.

பைக்குள்தான் இருந்தது.

அந்தப் பைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். காக்கை ஒன்று கத்தியது. டிரைவர் வேன் கதவைத் திறந்து வைத்தார்.

சபாபதி விடுகிற ஆளா? முறுக்கைக் கடித்துக்கொண்டே எழுந்து வந்தான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்:

"மாமா, சண்டை வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. அடுத்த ஞாயிறு இதே இடம். இதே வெயில். அதே மேகம். ரெண்டு சருகு வருது. இன்னா பண்ணுவே?"

கோகுல் தலை தூக்கினான்.

இந்த ஒரு பதிலில் எல்லாம் போய்விடும் என்று தாமோதரனுக்குத் தெரியும். ஏறுவேன் என்றால் இன்றைக்குச் செய்தது பயம். திரும்புவேன் என்றால் இந்தக் கூட்டத்தில் இனி ஒருவரும் இவர் பின்னால் வரமாட்டார்கள்.

அவர் டீச்சர் பக்கம் திரும்பவில்லை.

புளியமர நிழலைப் பார்த்தார். ஒருவர் மடியில் ஒருவர் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் காலில் முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஹம்சா கோகுல் காலரின் கிழிசலை ஒரு ஊக்கு வைத்துக் குத்திக்கொண்டிருந்தாள். மச்சான் மீசையில் முறுக்குத் துகள்.

"திரும்புவேன்" என்றார்.

"அதுக்கடுத்த ஞாயிறு?"

"அதே மேகம்னா, திரும்புவேன்."

சபாபதி வாயைத் திறந்தான். மிச்ச முறுக்கை உள்ளே போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் பிலோமினா டீச்சர் புளிய வேரின் மேல் உட்கார்ந்தார்.

பைக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தார். தோள்பையைத் திறந்தார். வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தார்.

"டீச்சர்!" என்றாள் ஹம்சா. "அது உச்சிப் பொட்டலமாச்சே. நாமதான் உச்சிக்கே போகலையே!"

டீச்சர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. முடிச்சில் நகத்தை விட்டு நூலை அவிழ்த்தார். இலையை விரித்தார். புளியும் நெத்திலியும் கமகமவென்று எழுந்தன.

முதல் பிடியை எடுத்து உருட்டி, மேலே ஒரு நெத்திலியைச் சொருகி, தாமோதரனுடைய வலது உள்ளங்கையில் வைத்தார்.